நாலு பேருக்குப் பாதி, மிச்சப் பேருக்கு மீதி

2018 டிசம்பர் 1, சனிக்கிழமை சாயங்காலம். டொராண்டோவுல ஸ்கார்பரோ ஏரியாவுல ஒரு தமிழ்க் கடை பார்க்கிங்ல வண்டிய நிறுத்திட்டு ஹீட்டரப் போட்டு உக்காந்திருக்கேன். பின் சீட்ல முருங்கைக்காய், தேங்காய், பத்து கிலோ இட்லி அரிசி. அதுக்குள்ள வெளிய இருட்டிருச்சு. சாமான் வாங்கி முடிச்சு இருபது நிமிஷம் ஆச்சு, ஆனா கிளம்ப மனசு வரல, ஏன்னா அஞ்சு மணிக்குள்ள வில்லியம் நைலாண்டர்ங்கிற ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் எங்க ஊர் டீம் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ்கூட கையெழுத்துப் போட்டாகணும், போடலைன்னா அந்த சீசன் முழுக்க அவர் என்ஹெச்எல்ல, அதாவது வட அமெரிக்காவோட பெரிய ஹாக்கி லீக்ல, ஆடவே முடியாது, அதான் ரூல். ரெஃப்ரெஷ் பண்ணிப் பண்ணிக் கட்டைவிரல் வலிச்சுப்போச்சு. அஞ்சு அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது செய்தி வந்துச்சு. ஆறு வருஷ ஒப்பந்தம்.

அடுத்த நிமிஷம் ஆபீஸ் அண்ணை போன் பண்ணிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னை விட இருபது வயசு மூத்தவர், இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து லீஃப்ஸ் பாக்குறவர், எனக்கு ஐஸ் ஹாக்கிய ஆனா ஆவன்னாவுலேருந்து சொல்லிக் குடுத்ததே அவர்தான். "போட்டிட்டான் தம்பி, சந்தோசம்தான். ஆனா மற்ற ரெண்டு பெடியங்களுக்கும் குடுத்தாப் பிறகு மிச்சப் பேருக்கு எங்கால காசு?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. ஏழெட்டு வருஷமா அது என்னைய விடல.

ஹாக்கின்னதும் நம்மாளுங்களுக்குப் புல்தரை ஹாக்கிதான் ஞாபகம் வரும், நான் சொல்றது பனிக்கட்டி மேல ஆடுறது. ஆட்டத்தப் பத்தி ரொம்ப எழுதப்போறதில்ல. சம்பளத்தப் பத்தித்தான். நான் ஒரு கம்பெனியில பேரோல் பாக்குறேன், மாசத்துக்கு ரெண்டு தடவ எல்லாருக்கும் சம்பளம் போடுறது என் வேலை, அதனாலயோ என்னவோ கோலைவிட எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

என்ஹெச்எல்ல ஒரு டீம் தன் ஆட்டக்காரங்க எல்லாருக்கும் சேத்து வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல செலவு பண்ணக்கூடாதுன்னு ஒரு உச்சவரம்பு இருக்கு, அதுதான் கேப். கூடப் போச்சுன்னா அபராதம் கட்டிட்டுத் தப்பிக்கலாம்ங்கிற பேச்சே இங்க கிடையாது, சுவர் மாதிரி நிக்கும். இதுக்காக ஒரு சீசனே பலியாச்சு. 2004-05ல முதலாளிங்க கதவ இழுத்துப் பூட்டி, ஒரு ஆட்டம்கூட நடக்காம, அந்த வருஷம் லீக்கோட கோப்பையான ஸ்டான்லி கப் யாருக்கும் இல்லாமப் போச்சு. திரும்ப வந்தப்ப கேப் 39 மில்லியன் டாலர். அதுக்கப்புறம் ஏறி ஏறி 2019-20ல 81.5 மில்லியன்ல நின்னுச்சு. லீக்குக்கு வர்ற வருமானத்துல ஆட்டக்காரங்களுக்குப் பாதின்னு ஒப்பந்தம், அந்தப் பாதியிலேருந்துதான் கேப் பிறக்குது, வருமானம் ஏறினா அதுவும் ஏறும்.

ஒருத்தரோட மொத்த ஒப்பந்தத் தொகைய வருஷத்தால வகுத்தா வர்ற சராசரிதான் அவரோட கேப் ஹிட், பெரும்பாலும். முதல் வருஷம் அதிகம் வாங்கி கடைசி வருஷம் கம்மியா வாங்கினாலும் கணக்குக்குச் சராசரிதான். 23 பேர் வரைக்கும் டீம்ல வச்சுக்கலாம், ஆட்டத்தன்னிக்கு 20 பேர்: 12 ஃபார்வர்ட், 6 டிஃபென்ஸ், 2 கோலி (கோல்கீப்பர்). இந்த 23 பேரோட கேப் ஹிட்டும் கேப்புக்குள்ள அடங்கணும்.

சரி, லீஃப்ஸ் என்ன பண்ணாங்க? 2018 ஜூலை 1ம் தேதி ஜான் டவாரஸ ஏழு வருஷத்துக்கு 77 மில்லியன் குடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க, வருஷத்துக்கு 11. ஊர்ப் பையன், சின்ன வயசுல லீஃப்ஸ் போர்வை போத்திப் படுத்திருக்கிற போட்டோவ அவரே அன்னிக்குப் போட்டிருந்தார், நகரமே உருகிப்போச்சு. அப்புறம் நைலாண்டர். அந்த முதல் சீசனுக்கு மட்டும் அவரோட ஹிட் பத்து மில்லியனுக்கு மேல, அதுக்கப்புறம் வருஷத்துக்கு 6.96. அத அப்படி அமைச்சதுல ஒரு புத்திசாலித்தனம் இருக்கு, ஏன்னா அந்த ஒரு வருஷம் ஆஸ்டன் மாத்யூஸும் மிச் மார்னரும் இன்னும் புதுசா வந்தவங்களுக்கான குறைஞ்ச சம்பளத்துல இருந்தாங்க, கேப்ல இடம் சும்மாதான் கிடந்துச்சு. அப்புறம் 2019 பிப்ரவரியில மாத்யூஸுக்கு 11.634, செப்டம்பர்ல மார்னருக்கு ஏறக்குறைய 10.9. கூட்டிப் பாருங்க, நாலு பேருக்கு 40.5 மில்லியன். கேப் 81.5. பாதி.

அண்ணைகிட்ட ஒரு பழைய கோடு போட்ட நோட்டு இருந்துச்சு. அக்டோபர்ல சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி லஞ்ச் ரூம்ல உக்காந்து பென்சில்ல 23 பேர எழுதுவோம், பேருக்கு எதிர்ல ஹிட். எக்ஸெல்ல போட்டா ரெண்டு நிமிஷ வேலைதான், ஆனா கையால எழுதினாத்தான் ஒவ்வொரு பேரும் எவ்வளவு கனம்னு தெரியும்பார். எப்பவும் மேலேருந்துதான் தொடங்குவோம், மாத்யூஸ், டவாரஸ், மார்னர், நைலாண்டர். நாலு வரி எழுதினதும் பாதிக் காசு போயிருக்கும், பக்கத்துல இன்னும் 19 வரி வெள்ளையா இருக்கும்.

2019 கோடைக்காலம் முழுக்க இந்த 19 வரிக்கான போராட்டம்தான். ஆளெடுக்கிற பொறுப்புல இருந்த ஜெனரல் மேனேஜர் கைல் டூபஸ், அவருக்குப் பக்கத்துல பிராண்டன் பிரிடம். இந்தப் பிரிடம் முன்னாடி லீக் ஆபீஸ்லயே ஒப்பந்தங்களப் பாத்துக்கிட்டிருந்தவர், விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பேட்ரிக் மார்லோவோட ஒப்பந்தத்துல இன்னும் ஒரு வருஷம் பாக்கி, 6.25 மில்லியன். அவர் 35 வயசுக்கு மேல கையெழுத்துப் போட்டவர், அப்படிப்பட்ட ஒப்பந்தத்தக் காசு குடுத்து முடிச்சுவிட்டாலும் கேப்லேருந்து பாரம் இறங்காது. வேற வழியில்லாம அவர கரோலினா எடுத்துக்கிறதுக்கு ஒரு முதல் ரவுண்ட் டிராஃப்டையும், அதாவது புதுசா வர்ற பசங்கள்ல ஒருத்தர முதல் சுத்துல தேர்ந்தெடுக்கிற உரிமையையும், சேத்துக் குடுத்தாங்க. அதாவது ஆளையும் குடுத்து எதிர்காலத்தையும் குடுத்து வெறும் இடத்த வாங்கினாங்க. அந்த டிராஃப்ட்லதான் கரோலினா செத் ஜார்விஸ எடுத்துச்சு, இப்ப அவங்களோட தூண்ல ஒருத்தர்.

அதே கோடைல நசீம் காட்ரி கொலராடோவுக்குப் போனார். வருஷத்துக்கு 4.5 மில்லியன்தான் வாங்கிட்டிருந்தார், அவர் மாதிரி ரெண்டாவது மூணாவது வரிசை சென்டருக்கு அது ரொம்ப நியாயமான சம்பளம். 2022 ஃபைனல்ல தம்பாவுக்கு எதிரா நாலாவது ஆட்டம் ஓவர்டைம்ல கோல் அடிச்சு கப்போட வந்தார். நானும் அண்ணையும் அத டிவில பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

டேவிட் கிளார்க்சன் கதை தெரியுமா? 2013ல லீஃப்ஸ் அவருக்கு ஏழு வருஷம் 36.75 மில்லியன் குடுத்தாங்க, எடுபடல. 2015ல அந்த ஒப்பந்தத்த கொலம்பஸுக்குத் தள்ளிவிட்டு நேத்தன் ஹார்டன வாங்கினாங்க. அவர் முதுகு போய் இனி ஆடவே முடியாதவர், லீஃப்ஸ் ஜெர்ஸியில ஒரு நிமிஷம்கூட ஆடினதில்ல. ஆடாதவர எதுக்கு வாங்கணும்? எல்டிஐஆர்னு ஒரு வழி இருக்கு. காயம்பட்டவர் குறைஞ்சது 10 ஆட்டமும் 24 நாளும் வெளிய இருந்தாகணும்னா, அவரோட ஹிட் அளவுக்குக் கேப்பத் தாண்டிப் போக அப்ப அனுமதி இருந்துச்சு. ஆடிக்கிட்டே எடுபடாம இருக்கிறவரோட ஒப்பந்தம் பாறாங்கல்லு, ஆட முடியாதவரோட ஒப்பந்தம் லேசு. இதுல மனசு வலிக்கிற விஷயம் என்னன்னா, பிற்பாடு கிளார்க்சனும் ஆட முடியாதவர் ஆயிட்டார், 2019ல வேகாஸ் டீம் கையில இருந்த அதே ஒப்பந்தத்த லீஃப்ஸ் திரும்ப வாங்கினாங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி குடுத்த அதே காகிதம், ரெண்டு ஊர் சுத்தி வீட்டுக்கே வந்துச்சு. ஹார்டன், கிளார்க்சன் ரெண்டு பேரையும் சேத்தா பத்தரை மில்லியனுக்கு மேல.

நிறைய பேரு நினைக்கிற மாதிரி இது பத்தரை மில்லியன் சும்மா கிடைக்கிறது இல்ல. அவங்கள அந்தப் பட்டியல்ல போடுற நேரத்துல டீம் கேப்ப எவ்வளவு நெருக்கி ஒட்டி நிக்குதோ அவ்வளவு முழுசா சலுகை கிடைக்கும், ஒரு லட்சம் காலியா விட்டா அந்த ஒரு லட்சம் போச்சு. அதனால சீசன் தொடக்கத்துல டாலர் கணக்குல அடுக்கிக் கேப்போட விளிம்புல கொண்டுபோய் நிறுத்துவாங்க, அதுக்குன்னே ஒரு சின்னப் பையன மேல கூப்பிட்டு இன்னொருத்தரக் கீழ அனுப்புவாங்க. அதுவும் போக, எல்டிஐஆர்ல இருக்கிற டீம் காச மிச்சம் பிடிக்க முடியாது. மத்த டீமுக்கு அது முடியும், கேப்ப நாள் கணக்குலதான் எண்ணுறாங்க, சீசன் சுமார் 190 நாள், முதல் நாள்லேருந்து ஒரு மில்லியன் இடத்தத் தொடாம வச்சிருந்தா, 40 நாள் பாக்கி இருக்கும்போது அத வச்சு நாலே முக்கால் மில்லியன் ஹிட் உள்ள ஆளையே கூட்டிட்டு வரலாம். உண்டியல் மாதிரி. லீஃப்ஸுக்கு அந்த உண்டியல் பல வருஷம் இல்ல.

இருந்தும், 2020 மார்ச் வரைக்கும் எனக்கு டூபஸ் மேல கோவம் இல்ல, இப்பவும் இல்ல. கேப் வருஷா வருஷம் ஏறிட்டு இருந்துச்சு. 2018-19ல மட்டும் 75லேருந்து 79.5 ஆச்சு. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல தொண்ணூறத் தொடும், அப்ப 40 மில்லியன் பாதியா இருக்காது, கொஞ்சம் பல்லக் கடிச்சா போதும்னு நினைச்சாங்க. நியாயமான நினைப்புதான். மார்ச் 12ம் தேதி கொரோனாவுல லீக் நின்னுச்சு. அரங்கமெல்லாம் காலி. ஆட்டக்காரங்க வாங்கின சம்பளம் வருமானத்துல பாதிக்கு மேல போயிருச்சு, அந்தக் கடன அடைக்கிற வரைக்கும் கேப் ஏறக்கூடாதுன்னு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க. 81.5, 81.5, 81.5. மூணு சீசன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஒவ்வொரு மில்லியன்தான். ஆபீஸ்ல அந்த வருஷம் எங்களுக்கும் இன்கிரிமென்ட் இல்ல, அதனால அந்த எண்ணு மாறாம நிக்கிறதப் பாக்கும்போது அது எங்கயோ இருக்கிற கோடீஸ்வரங்க கணக்குன்னு எனக்குத் தோணல.

நாலு பேரோட சம்பளம் ஒப்பந்தம், தொட முடியாது. அடியில இருக்கிறவங்க ஏற்கெனவே குறைஞ்சபட்சச் சம்பளம், அங்கயும் வெட்ட ஒண்ணுமில்ல. அப்ப எங்க கத்தி விழும்? நடுவுல. மூணுலேருந்து ஆறு மில்லியன் வரைக்கும் வாங்கற ஆளுங்க, தினமும் தன் வேலைய ஒழுங்காப் பாக்குறவங்க. காப்பனன் போனார், யோன்சன் போனார். 2021 கோடைல ஜாக் ஹைமன்.

ஹைமனப் பத்தி எழுதாம என்னால இந்தக் கட்டுரைய முடிக்க முடியாது. மூலையில பக் (பந்துக்குப் பதிலா இருக்கிற ரப்பர் வட்டு) போனா, ரெண்டு டிஃபென்ஸ்காரங்க சுவத்தோட சேத்து நசுக்குறாங்கன்னு தெரிஞ்சும் போய் முட்டி, முழங்கால் மடங்கி, ஒத்தக் கையால பக்க வெளிய தள்ளுவார், அத எடுத்து மாத்யூஸ் கோல் போடுவார், ரீப்ளேல மாத்யூஸ் முகம்தான் வரும். இந்த வேலைய நாலு வருஷம் வருஷத்துக்கு 2.25 மில்லியனுக்குப் பாத்தார். டொராண்டோப் பையன். அவருக்கு இப்ப நியாயமா ஒரு பெரிய சம்பளம் வரணும், அந்த நேரத்துல இங்க காசில்ல.

அந்த ஜூலையில அண்ணையோட நோட்ட நான் வீட்டுக்கு வாங்கிட்டு வந்திருந்தேன். கணக்க நீங்களே பாருங்க. நாலு பேருக்கு 40.5. டிஃபென்ஸ்ல ரைலி 5, மஸின் 5.625, பிரோடி 5. கோலி கேம்ப்பெல் 1.65, இன்னொரு கோலி வாங்கணும், அதுக்கு 3.8ன்னு வச்சேன். கெர்ஃபுட் 3.5. ஃபில் கெஸலுக்கு 1.2. கெஸல் யாரா? 2015லயே பிட்ஸ்பர்குக்கு ட்ரேட் ஆனவர், ஆனா அவர் சம்பளத்துல 15 சதவீதத்த நாங்க சுமக்கிறோம்னு ஒத்துக்கிட்டு அனுப்பினாங்க, அவர் அங்க போய் 2016, 2017ன்னு ரெண்டு கப் ஜெயிச்சார், நம்ம நோட்டுல 1.2 நின்னுக்கிட்டே இருந்துச்சு. எல்லாம் கூட்டினா 66 மில்லியனுக்குக் கொஞ்சம் மேல, ஆளு பத்து. மீதி சுமார் பதினஞ்சு மில்லியன், ஆளு பதிமூணு. அதுல ஹைமனுக்கு அஞ்சரை போட்டா பன்னெண்டு பேருக்கு ஒம்போதரை சொச்சம், அதாவது தலைக்கு எட்டு லட்சம். அந்த வருஷம் குறைஞ்சபட்சமே ஏழரை லட்சம். கோலிக்குக் குறைச்சு வைக்கலாம், கெர்ஃபுட்ட விக்கலாம், மஸின யாராவது எடுப்பாங்களா, ராத்திரி ஒரு மணி வரைக்கும் அழிச்சு அழிச்சு எழுதினேன், பேப்பர் அந்த இடத்துல மெலிஞ்சு பின்பக்கம் தெரிஞ்சுச்சு.

ஜூலை 28ம் தேதி ஹைமன் எட்மண்டன்ல கையெழுத்துப் போட்டார், ஏழு வருஷம், வருஷத்துக்கு 5.5. "விட்டிட்டாங்களடா தம்பி"ன்னு அண்ணை ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், அவ்வளவுதான் அதுல இருந்துச்சு. 2023-24ல ஹைமன் அங்க 54 கோல் அடிச்சார்.

அதே ஜூலை 28ம் தேதி லீஃப்ஸ் இன்னொருத்தர எடுத்தாங்க, மைக்கேல் பன்டிங், ரெண்டு வருஷம், வருஷத்துக்கு 9.5 லட்சம். எங்க ஸ்கார்பரோப் பையன். வயசு 25, அது வரைக்கும் பெரிய லீக்ல இருபத்தி சொச்சம் ஆட்டம்தான் ஆடியிருந்தார். ஹைமன் நின்ன அதே இடத்துல, மாத்யூஸுக்கும் மார்னருக்கும் பக்கத்துல, கொண்டுபோய் நிறுத்தினாங்க. முதல் சீசன்ல 23 கோல், அடிச்ச கோலும் மத்தவங்க கோலுக்கு உதவினதும் சேத்து 63 பாயிண்ட், சிறந்த புதுமுகம் விருதுக்குக் கடைசி மூணு பேர்ல ஒருத்தர், மாத்யூஸ் அந்த வருஷம் 60 கோல். அஞ்சரை மில்லியன் வேலைய ஒரு மில்லியனுக்குக் கீழ பாத்தார். எங்க ஏரியா ரிங்க்ல சின்னப் பசங்க பன்டிங் பேர் போட்ட சட்டையோட ஸ்கேட் பண்றத நான் பாத்திருக்கேன். ஆனா ரெண்டே வருஷம். 2023ல அவருக்கும் சந்தை விலை வந்துச்சு, கரோலினா 4.5 குடுத்துக் கூட்டிட்டுப் போச்சு. நல்லா ஆடினா போயிருவாங்க. நடு வரிசைக்காரங்களுக்கு இந்த டீம்ல அதான் விதியா இருந்துச்சு.

ட்ரேட்ல வாங்கும்போதும் இதே நெருக்கடிதான். 2021ல நிக் ஃபொலினோவ வாங்கினப்ப அவரோட 5.5 மில்லியன்ல பாதிய கொலம்பஸ் சுமந்துச்சு, மிச்சத்துல பாதிய நடுவுல சான் ஹோசே சுமந்துச்சு, நம்ம நோட்டுல வந்தது 1.375. 2023ல ரயன் ஓ'ரைலிய அதே முறையில. அப்படி ஒவ்வொரு தடவ ரெண்டு டீம சுமக்க வைக்கிறதுக்கும் கூலி டிராஃப்ட்தான். டிராஃப்ட் போனா நாளைக்குக் குறைஞ்ச சம்பளத்துல நல்லா ஆடற சின்னப் பசங்க இல்ல, அவங்க இல்லைன்னா நடுவுல இன்னும் நெருக்கடி.

கீழ இருக்கிறவங்க கதை இதவிட எனக்கு நெருக்கம். லீஃப்ஸோட இளைய டீம் மார்லீஸ் இதே ஊர்லதான் இருக்கு, 509 ஸ்ட்ரீட்கார்ல ஏறினா ஒரு அரங்கத்துலேருந்து இன்னொண்ணுக்குக் கால் மணி நேரம். வேவர்ஸ் தேவைப்படாத, அதாவது கீழ அனுப்பும்போது மத்த டீம் எடுத்துக்க முடியாத, இளம் ஆட்டக்காரர ஆட்டம் இல்லாத நாள்ல காகிதத்துல மட்டும் கீழ அனுப்பிட்டு மறுநாள் கூப்பிட்டுக்குவாங்க, அவர் வீட்ட விட்டு நகர்ந்திருக்கவே மாட்டார், டீமுக்கு ஒரு நாள் கேப் மிச்சம். வெளியிலேருந்து பாக்கிறவங்களுக்கு இது சாமர்த்தியம். பேரோல் பாக்குற எனக்கு வேற ஒண்ணு தெரியும். 7.75 லட்சம் சம்பளம்னா நாளுக்கு நாலாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல, கீழ இருக்கிற நாளுக்கு அவரோட ஒப்பந்தத்துல எண்பதாயிரம்னு எழுதியிருந்தா நாளுக்கு நானூத்தி சொச்சம். ஒரு கையெழுத்துல அந்தப் பையனுக்கு மூவாயிரத்து ஐநூறு டாலருக்கு மேல போச்சு, அடிபடவும் இல்ல, தப்பு பண்ணவும் இல்ல. லீக்கும் ஆட்டக்காரங்க சங்கமும் போட்ட புது ஒப்பந்தத்துல இத நிறுத்திட்டாங்க, கீழ அனுப்பினா அங்க ஒரு ஆட்டமாவது ஆடினாத்தான் திரும்பக் கூப்பிடலாம். அதப் படிச்சன்னிக்கு எனக்கு வந்த நிம்மதி ஒரு ஜெயிச்ச ஆட்டத்துக்குக்கூட வந்ததில்ல.

இந்த நெருக்கடி எங்க வரைக்கும் போச்சுன்னா, 2023 ஏப்ரல் 8ம் தேதி ஒரு கோலிக்குக் காயம், இன்னொரு கோலிய மேல கூப்பிடக் கேப்ல இடமில்ல, டொராண்டோ பல்கலைக்கழக மாணவர் ஜெட் அலெக்சாண்டர சம்பளமில்லாத ட்ரைஅவுட்ல பெஞ்ச்ல உக்கார வச்சாங்க. மான்ட்ரியாலுக்கு எதிரா 7-1ன்னு முன்னாடி இருக்கும்போது கடைசி ஒரு நிமிஷம் பத்து செகண்டு அவர இறக்கினாங்க. அரங்கமே எழுந்து கத்துச்சு, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

இந்தக் கணக்குக்கெல்லாம் நாங்க நம்பியிருந்த கேப்ஃப்ரெண்ட்லி தளத்த 2024ல வாஷிங்டன் டீமே விலைக்கு வாங்கி மூடிருச்சு. ஊர் மொத்தமும் பாத்துக்கிட்டிருந்த கணக்குப்புத்தகம், ஒரு டீமோட அலமாரிக்குள்ள போயிருச்சு. அண்ணையோட நோட்டு மட்டும் இருக்கு.

இப்ப காலம் மாறிருச்சு. 2025-26க்குக் கேப் 95.5, அதுக்கடுத்தது 104. பிளேஆஃப்லயும் இனிமே ஆடற இருபது பேர் கேப்புக்குள்ள இருக்கணும். 2021ல குச்செரோவ் சீசன் முழுக்க எல்டிஐஆர்ல இருந்துட்டு பிளேஆஃப்ல வந்து தம்பாவுக்குக் கப் வாங்கிக் குடுத்தார், அது ரூல்படி சரிதான், ஆனா பல்லக் கடிச்சு அடக்கிட்டு வந்த டீமுக்கு அது நியாயமில்ல, மாத்தினது நல்லது. 2025 கோடைல மார்னர் வேகாஸுக்குப் போயிட்டார், வருஷத்துக்கு 12. டவாரஸ் 11 வாங்கிட்டிருந்தவர் 4.38க்குக் கையெழுத்துப் போட்டு இருந்துட்டார். மாத்யூஸ் 13.25, நைலாண்டர் 11.5. மூணு பேரையும் சேத்தா கேப்ல மூணுல ஒரு பங்குகூட இல்ல. ஒன்பது வருஷம் பாத்த மார்னர் இல்லாதது வலிக்குது, அத மறைக்க விரும்பல. ஆனா நோட்டுல நடுவுல வெள்ளை இடம் முதல் தடவையா அகலமா இருக்கு.

2025 அக்டோபர்ல லஞ்ச் ரூம்ல நோட்ட விரிச்சோம். அண்ணை வழக்கம்போல முதல் வரியில மாத்யூஸ்னு எழுத பென்சில எடுத்தார். "இந்தத் தடவ அங்கேருந்து வேணாம் அண்ணை"ன்னு சொல்லி நோட்ட என் பக்கம் திருப்பிக்கிட்டேன். மேல நாலு வரிய விட்டுட்டு, மூணாவது லைன் இடது விங்குக்கு முதல்ல ஒரு கோடு போட்டு, எதிர்ல 3.5ன்னு எழுதினேன். பேர் இன்னும் எழுதல. அண்ணை கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு, "நாலு போடு தம்பி"ன்னார்.